எதுக்குக் குடிச்சேன்? வைண்டிங் கடை நோட்டில் எழுதிப் பார்த்த வழி

பாலக்கோட்டில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. முப்பது வருஷமாக எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் வாரமே என் குரு சொன்னார்: "காயிலை வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உத்துப் பாருடா." காயில் என்பது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருத்திருந்தால் லோடு அதிகம், இல்லை வோல்டேஜ் கம்மி. சில செட் மட்டும் கருகி மற்றவை புதுசு மாதிரி மினுக்கினால் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போயிருக்கிறது. ஒரே ஸ்லாட்டில் பொத்தல் விழுந்திருந்தால் இன்சுலேஷன் தாள் கிழிந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். பதினைந்து நாள் ஓடும். அப்புறம் அதே டெம்போவில் திரும்பி வரும்.

நானும் அப்படி இரண்டு தடவை திரும்பி வந்தவன்தான். ஒரு தடவை ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் குடியை நிறுத்தினேன். மாலை கழற்றிய மூன்றாம் நாள் பழையபடி மதுக்கடை வாசலில் நின்றேன். இன்னொரு தடவை வீட்டார் சேர்ந்து ஒரு மறுவாழ்வு இல்லத்தில் விட்டார்கள். ஊர் பேர் வேண்டாம். நாற்பது நாள். அடியும் உண்டு. தினமும் காலையில் ஒருத்தர் மைக் பிடித்து, குடித்தால் குடும்பம் என்ன ஆகும் என்று சொல்வார். அது எனக்கு அவரைவிட நன்றாகவே தெரியும். எதுக்குக் குடிக்கிறாய் என்று மட்டும் அந்த நாற்பது நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை. வெளியே வந்து பத்தொன்பதாம் நாள் மறுபடி ஆரம்பித்தேன்.

கேட்டது ஒரு டாக்டரம்மா. வயிற்று எரிச்சல் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். "எவ்வளவு குடிப்பீங்க?" என்றார். எல்லாரையும் போல பாதியைச் சொன்னேன். அவரும் எல்லா டாக்டரையும் போல அதை இரண்டால் பெருக்கியிருப்பார். அப்புறம் கேட்டார்: "நேத்து குடிச்சீங்களே, அது உங்களுக்கு என்ன வேலை செஞ்சு குடுக்கணும்னு குடிச்சீங்க?" என்ன வேலையா? வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. "ஒரு மாசம் எழுதிட்டு வாங்க" என்றார். அந்த நோட்டை எப்படி எழுதுவது, எழுதியதை வைத்து என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். நான் டாக்டர் இல்லை. பதினோரு வருஷமாகக் குடிக்காத ஒரு வைண்டிங்காரன், அவ்வளவுதான்.

முதலில் கையைப் பாருங்கள்

நோட்டுக்கு முன்னாடி இது. காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் நீட்டி விரலை விரியுங்கள். நடுங்குகிறதா? வியர்க்கிறதா? ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைப் பிடிக்க முடிகிறதா? அப்படியென்றால் இன்றைக்கே வீராப்பாக நிறுத்தாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காரணம் இருக்கிறது. சாராயம் மூளைக்குப் பிரேக் மாதிரி. வருஷக்கணக்கில் பிரேக்கை மிதித்தே வைத்தால், அதை மீறி ஓட மூளை ஆக்சிலேட்டரைக் கூடுதலாக அழுத்திப் பழகிவிடும். திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்கும் ஆள் நிலை தடுமாறி, இல்லாத பாம்பையும் பூரானையும் சுவரில் பார்க்கலாம். இதில் உயிர் போவதும் உண்டு. "பேய் புடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகும் ஆட்களில் சிலருக்கு நடப்பது இதுதான். ஆஸ்பத்திரியில் அந்த நாலைந்து நாளைத் தாண்ட மாத்திரை கொடுப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்து, குடிக்கிற பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைக்கே பாதிப்பு வரலாம்.

எனக்கு நடுக்கம் இருந்தது. டாக்டரம்மா ஆறு நாள் வார்டில் வைத்துத்தான் அனுப்பினார். வெளியே வந்தும் அந்த மாதம் குடித்தேன், மறைக்கவில்லை. "குடிச்சாலும் எழுதுங்க, எழுதாம மட்டும் குடிக்காதீங்க. காலைல கை நடுங்க ஆரம்பிச்சா நோட்டைத் தூக்கிட்டு நேரா இங்க வாங்க" என்று சொல்லியிருந்தார்.

நோட்டு

கடையில் ஜாப் நோட்டு இருக்கும். யார் மோட்டார், எத்தனை ஹெச்பி, என்ன கோளாறு, எவ்வளவு அட்வான்ஸ். அதே மாதிரி இன்னொரு நீள நோட்டு வாங்கினேன். கட்டங்கள் இவை: தேதி, மணி, எங்கே, யாரோடு, எத்தனை மில்லி, குடிக்கப் போவதற்கு முந்தின அரை மணியில் என்ன நடந்தது, எந்த வேலைக்காக.

மூடி திறப்பதற்கு முன் எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உள்ளே போன பிறகு எழுதினால் கை எழுதாது, சரக்கு எழுதும். "சும்மா ஜாலிக்கு" என்று எழுதும்.

"டென்ஷன்" என்ற சொல்லையும் தடை செய்துகொள்ளுங்கள். கடைக்கு வந்து "மோட்டார் ரிப்பேருண்ணா" என்று சொல்கிறவன் மாதிரிதான் அது. ரிப்பேர் என்பது எனக்கே தெரியும். சத்தம் வந்ததா, ட்ரிப் ஆனதா, சூடாச்சா? டென்ஷன் என்றால் யாரால், எந்தப் பேச்சால், எத்தனை மணிக்கு? "காரிமங்கலத்துக்காரன் அடுத்த வாரம் தர்றேன்னு மூணாவது தடவை சொன்னான், 6.40" என்று எழுதினால்தான் பின்னால் உதவும்.

மில்லி கணக்குக்கு ஒரு சின்னக் கணக்கு. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் சரக்கில் 30 மில்லிக்குள் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதை ஒரு அளவு என்று வைத்துக்கொண்டால், 180 மில்லி குவார்ட்டர் என்பது ஆறு அளவு. "ஒண்ணே ஒண்ணு போட்டேன்" என்று சொல்லும்போது அந்த ஒண்ணு ஆறு. பீர்க்காரர்கள் தாங்கள் குடிகாரர்களே இல்லை என்பார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் நாலு அளவு அதிலேயே வந்துவிடுகிறது. உடம்பு ஒரு அளவைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். இந்தக் கணக்கு தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

நாலு கட்டம்

மாசம் முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடுங்கள், பக்கம் நிறைய. நாலு கட்டம் கிடைக்கும். மேலே இரண்டும் "எதையோ அடைய". கீழே இரண்டும் "எதிலிருந்தோ தப்பிக்க". இடப்பக்கம் "எனக்குள்ளே". வலப்பக்கம் "மற்றவர்களால்".

மேல் இடது: போதையின் ஏற்றத்துக்காக, கிக்குக்காக. மேல் வலது: கூட்டாளிகளோடு கலகலப்பாக இருக்க. கீழ் வலது: கூட்டத்தில் ஒதுக்கப்படாமல் இருக்க, கேலிக்குத் தப்பிக்க, மரியாதைக்காக. கீழ் இடது: மனசுக்குள் இருக்கும் ஒன்றை மறக்க, அடக்க, தூங்க.

இந்தக் கூட்டல் குறி என் கண்டுபிடிப்பு இல்லை. குடிக்கிறவன் குடியிலிருந்து எந்த மாற்றத்தை எதிர்பார்க்கிறான் என்பதை வைத்து 1988இல் காக்ஸ், கிளிங்கர் என்ற இரண்டு உளவியல்காரர்கள் ஒரு மாதிரியை வகுத்தார்கள். 1994இல் லின் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதிலிருந்து இந்த நாலு வகைக்கும் ஐந்தைந்து கேள்வியாக இருபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைச் செய்தார். அன்றிலிருந்து பல நாடுகளில் அதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த முடிவுகளை டாக்டரம்மா எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். கூட்டாளிக்காகக் குடிப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அந்தக் காரணம் மட்டும் இருப்பவர்களுக்குச் சிக்கல் குறைவு. கிக்குக்காகக் குடிப்பவர்கள் அளவைத் தாண்டுவார்கள், அந்த அளவால் சிக்கல் வரும். கேலிக்குப் பயந்து குடிப்பவர்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் குடிப்பார்கள், ஆனாலும் அவர்களுக்கும் சிக்கல் ஒட்டிக்கொள்கிறது. மனசை அடக்கக் குடிப்பவர்களுக்கு, அளவு மற்றவர்கள் அளவேதான் என்றாலும், சிக்கல் கூடுதல்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டபோது நான் நம்பவில்லை. ஒரே குவார்ட்டர்தானே, சோகத்துக்குக் குடித்தால் என்ன, சந்தோஷத்துக்குக் குடித்தால் என்ன? என் நோட்டுதான் நம்ப வைத்தது.

முப்பது நாளில் இருபத்தாறு நாள் குடித்திருந்தேன். கூட்டாளிக் கட்டத்தில் ஐந்து. கிக்குக்கு இரண்டு. மரியாதைக்கு மூன்று. மீதி பதினாறும் கீழ் இடது மூலையில் கருப்பாகக் குவிந்து கிடந்தன, ஒரு ஃபேஸ் போன மோட்டார் மாதிரி. ராயக்கோட்டைக் கல்யாணத்தில் ஆஃப் அடித்துவிட்டு மண்டபத்து வாசலில் விழுந்தது அந்த மாதத்தில்தான். அதற்கு வீட்டில் பத்து நாள் பேச்சு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தனியாக, சத்தமில்லாமல் ஒரு குவார்ட்டரோடு முடிந்த அந்தப் பதினாறு சாயங்காலத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னிக்கு அமைதியா வந்துட்டாரு" என்று என் சம்சாரம் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

கட்டம் பிரிக்கும்போது நம்மையே ஏமாற்றிக்கொள்வது சுலபம். சாவு வீட்டில் குடித்ததை நான் முதலில் கூட்டாளிக் கட்டத்தில் போட்டேன். எங்கள் பக்கம் சாவு என்றால் பறை அடிப்பவர்களுக்கும் குழி வெட்டுபவர்களுக்கும் வாங்கிக் கொடுப்பது வழக்கம், கொடுப்பவனும் கூட உட்கார வேண்டும். யோசித்துப் பார்த்தால் எனக்கு அன்றைக்குக் குடிக்கவே பிடிக்கவில்லை. பங்காளி ஒருத்தன் "என்னடா, பெரிய மனுஷன் ஆயிட்டியா?" என்றான், வாங்கிக்கொண்டேன். அது கீழ் வலது. "இந்த இடத்தில் நான் தனியாக இருந்திருந்தால் குடித்திருப்பேனா?" என்று கேளுங்கள். அப்புறம், "இவர்கள் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தால் எனக்கு அது போதுமா?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியில் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கீழ் இடதில் நிறைய இருந்தால்

இங்கே நிதானமாகப் போகிறேன், என் கோளாறு இதுதான் என்பதால்.

பதினாறையும் வரிசையாகப் படித்தேன். பதினொன்றில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது: வசூல். மாரண்டஹள்ளி பக்கம் எங்கள் நிலத்தில் 1,100 அடி போர் போட்டுத் தண்ணீர் வராமல் போன வருஷம் அது. கடன். கடையில் வேலை உண்டு, கைக்குக் காசு வராது. தக்காளி விலை விழுந்தால் விவசாயி எனக்கு எங்கிருந்து கொடுப்பான்? அவன் மேலும் தப்பில்லை. ஆறு மணிக்குக் கடையை விட்டு பைக்கில் நாலு ஊர் சுற்றி, கையை வீசிக்கொண்டு எட்டு மணிக்குத் திரும்புவேன். எட்டரைக்கு மூடி திறக்கும். முப்பது நாளில் பதினொரு தடவை, கடிகாரம் வைத்த மாதிரி.

குடியை நிறுத்துவதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் செய்யவில்லை. வசூலை மாற்றினேன். மோட்டாரை இறக்கும்போதே கம்பிக் காசு முன்பணம். மீதி வந்தால்தான் மோட்டார் டெம்போவில் ஏறும். பழைய பாக்கிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் போவேன், தனியாகப் போகமாட்டேன், மச்சினனைக் கூட்டிக்கொண்டு போவேன். நாலைந்து வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். அடுத்த மாதம் நோட்டில் பதினொன்று மூன்றாகியிருந்தது. சாமி படத்தில் அடித்த சத்தியம் எதுவும் எனக்கு இந்த அளவு வேலை செய்ததில்லை.

மற்ற ஐந்தில் மூன்று தூக்கத்துக்கு. இங்கேதான் அந்த மணிக்கணக்கு. ஒன்பது மணிக்கு ஆறு அளவு உள்ளே போனால் படுத்ததும் கண் சொருகும், உண்மை. ராத்திரி இரண்டு மூன்று மணிவாக்கில் சரக்கு இறங்கும்போது மூளை துள்ளி எழும். நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், கடன்காரன் முகமெல்லாம் ஒவ்வொன்றாக வரும். பாதி ராத்திரி ஆழ்ந்த தூக்கம், மீதி ராத்திரி கந்தல். காலையில் களைப்பு, அந்தக் களைப்பிலேயே கவலை கூடும், அந்தக் கவலைக்கு மறுபடி குவார்ட்டர். மனசை அடக்கக் குடிப்பவனுக்கு மட்டும் அதே அளவு ஏன் கூடுதலாகக் கடிக்கிறது என்பது இதில் புரிந்தது. ராயக்கோட்டைக் கல்யாணம் அன்றைக்கே முடிந்துபோனது. என் கவலை முடியவில்லை, குடித்த ராத்திரியில் வட்டியும் சேர்ந்தது. வேறு வழியில் அதைச் சமாளிக்கிற கையும் பழகாமல் துருப்பிடித்துப் போனது.

தூக்கத்துக்கு நான் செய்தவை சாதாரணம். மதியம் கடையில் பெஞ்சில் படுப்பதை விட்டேன். மூன்று மணிக்கு மேல் டீ இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால், களியும் கீரைக் குழம்பும் வயிறு நிறைய. வெறும் வயிறும் சாயங்காலமும் சேர்ந்தால் ஆபத்து என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 1935இல் அமெரிக்காவில் ஆரம்பித்த, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலைச் சொல்வார்கள். குடிக்கத் தோன்றும்போது இந்த நாலில் எது என்று முதலில் பார்க்கச் சொல்வார்கள். எட்டு மணிக்கு வசூலிலிருந்து திரும்பும் எனக்கு நாலும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது.

மிச்சம் இரண்டுக்கு முந்தின அரை மணியில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. ஒன்றில் "அப்பா நாற்காலி" என்று மட்டும் எழுதியிருந்தேன். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. டாக்டரம்மா அந்த வரியில் விரலை வைத்து வெகுநேரம் பேசினார். மனச்சோர்வு என்று பேர் சொல்லி, அதற்குத் தனியாக மாத்திரையும் பேச்சும் என்று எட்டு மாதம் நடந்தது. அது குடிக்கான வைத்தியம் இல்லை. அதற்கடியில் இருந்ததற்கு. உங்கள் நோட்டில் இப்படிக் காரணமே தெரியாத வரிகள் இருந்தால் சொந்த யோசனையில் அவிழ்க்கப் பார்க்காதீர்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, மனநலப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாகலாம் போல இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் நோட்டெல்லாம் அப்புறம், அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.

மற்ற மூன்று

கீழ் வலது, அதாவது மரியாதைக்கும் கேலிக்கும். இதற்கு வேண்டியது வாய். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயார் செய்து, கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். "மாமா, மாத்திரை சாப்புடறேன், டாக்டர் ஆகாதுன்னுட்டாரு" என்றால் நம் ஊரில் மேற்கொண்டு வற்புறுத்துவது குறைவு. காரணத்தை அடுக்க ஆரம்பித்தால் தோற்றோம், ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரில் ஒரு பதில் இருக்கும். ஒரே வாக்கியம், மூன்று தடவை, அதே வார்த்தைகளில். கையில் ஏற்கெனவே ஒரு கிளாஸ் இருப்பதும் உதவும், செவன் அப்போ மோரோ. காலிக் கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள். சாவு வீட்டில் இப்போதும் வாங்கிக் கொடுக்கச் சொன்னால் காசைக் கொடுத்துவிட்டுப் பாடை கட்டும் பக்கம் போய் நிற்கிறேன்.

மேல் வலது, கூட்டாளிகள். எனக்கு இந்தப் பழக்கமே போர் வண்டிக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க ஓடும், புகை மாதிரி கல்தூள் பறக்கும், 700 அடியில் தண்ணீர் பீய்ச்சியதும் நிலத்துக்காரர் கண்ணீரோடு பாட்டில் எடுத்து நீட்டுவார். அந்தச் சந்தோஷத்தைத் தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். இந்தக் கட்டத்தில் மட்டும் குறி இருக்கிறவர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், தாமதமாகப் போகலாம், வண்டி ஓட்டும் பொறுப்பை வாங்கிக்கொள்ளலாம். இங்கே இருந்த குறிகள் மாசா மாசம் கீழ் இடதுக்கு நகர்கின்றனவா என்று மட்டும் கண்காணியுங்கள். எனக்கு அப்படித்தான் நகர்ந்தது. ஆறு வருஷம் எடுத்தது. கூட்டம் கலைந்த பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மேல் இடது, கிக். பெரும்பாலும் இளவட்டங்கள். ஓசூர் கம்பெனியில் போனஸ் வந்த நாள், எருது விடும் விழா முடிந்த சாயங்காலம். அவர்களிடம் மனசு, கவலை என்று பேசினால் கொட்டாவி விடுவார்கள். அவர்களுக்கு அளவுதான் பேச்சு. ஆறு அளவை முக்கால் மணி நேரத்தில் முடிக்காதே, இடையில் தண்ணீர் குடி, பைக் சாவியை முதலிலேயே வேறொருத்தனிடம் கொடு. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்குக் காரணமெல்லாம் தெரியாது.

மாலை ஏன் வேலை செய்தது

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். மாலை போட்ட 48 நாளும் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அந்த வருஷம் கை நடுக்கம் இன்னும் வந்திருக்கவில்லை என்பது ஒரு காரணம். சாமி பயம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நாலு கட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. மாலை போட்டவனை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, "சாமி" என்று கும்பிடுகிறார்கள். கீழ் வலது மூடிவிட்டது. கூட்டாளிகள் மாறிவிடுகிறார்கள், கன்னிசாமியும் குருசாமியும்தான் கூட்டம். மேல் வலதுக்கு மாற்று வந்துவிட்டது. சரணம் உரக்கச் சொல்லிப் பாடும்போது உடம்பில் ஒரு ஏற்றம் வரத்தான் செய்கிறது, மேல் இடது. என்னுடைய ஆபத்தான எட்டரை மணிக்கு நான் பஜனையில் இருந்தேன், விடியற்காலை நாலரைக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்ததால் ஒன்பதரைக்குத் தூக்கம் தானாக வந்தது. கீழ் இடதில் பாதி. நாலு பக்கமும் அடைத்த வேலி அது. மாலையைக் கழற்றிய அன்றைக்கே நாலு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது.

அதனால் மாலை போடுகிறவர்களுக்கு, கயிறு கட்டிக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது: கழற்றும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே, கழற்றிய மறுநாள் சாயங்காலம் எட்டரைக்கு எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரையும் நாலரை மணியையும் விடாதீர்கள். நான் இப்போது செவ்வாய், சனி பஜனைக்குப் போகிறேன். பக்தி பாதி, அந்த மணிக்காகப் பாதி.

மதுக்கடையை மூடினால் தீரும் என்கிறவர்களுக்கு எங்கள் மண்ணின் கதை ஒன்று. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான். கடை இல்லாத சாயங்காலம் எத்தனையோ வீட்டுக்கு நிம்மதி, நான் எதிர்க்கவில்லை. கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்று நேரம் குறைத்ததில் காலைக் குடி குறைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் என் பதினாறு நாளுக்கு உண்டான காரணம் உள்ளே இருந்தவரைக்கும், நான் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போயாவது பாக்கெட் வாங்கி வந்திருப்பேன். போயும் இருக்கிறேன், இரண்டு தடவை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ராத்திரியில் கேட்காதீர்கள். காலையில், முகம் கழுவி டீ குடித்த பிறகு. "ஏன் குடிச்ச?" என்பது திட்டுகிற கேள்வி, பதிலுக்குப் பொய்தான் வரும். "நேத்து கடையை விட்டு வர்றப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டால் ஒரு பெயராவது வெளியே வரும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். அப்படி விற்கிறார்கள், எங்கள் வீட்டிலும் வாங்கினார்கள். அதில் டைசல்பிரம் என்ற மருந்து இருந்தால், அது உள்ளே இருக்கும்போது குடிக்கிறவனுக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்து, பிரஷர் கீழே இறங்கும். உயிரே போகலாம். டாக்டர் கொடுத்து, குடிக்கிறவன் தெரிந்து ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மருந்து அது. எனக்கு ஒரு சனிக்கிழமை அப்படி ஆகி, ஹார்ட் அட்டாக் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சம்சாரம் இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மறுபடி குடித்துவிட்டால்

அதையும் எழுதுங்கள். மற்ற நாள் போலவே, அதே கட்டங்களில், மூடி திறக்கும் முன். "எல்லாம் போச்சு" என்று நோட்டைத் தூக்கி எறிந்தால் அந்த ஒரு நாளிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு ஏழாவது மாதம் ஆனது. நோட்டில் இப்படி இருக்கிறது: "7.50. கடை. தனியாக. 180. மாரண்டஹள்ளி போர் கேசிங் பைப்பை உருவி விற்றார்கள், போய்ப் பார்த்தேன். வேலை: பார்க்காத மாதிரி ஆக்க." எழுதி முடித்த பிறகு திறந்தேன். பாதியில் நிறுத்தினேன் என்று சொல்ல ஆசைதான், முழுசாகக் குடித்தேன். மறுநாள் காலை நோட்டைச் சம்சாரத்திடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அந்தப் பக்கம் போறப்ப என்னையும் கூப்புட்டுக்க" என்றாள். இப்போது அந்த நிலத்துக்கு இரண்டு பேரும்தான் போகிறோம். கேழ்வரகு போட்டிருக்கிறோம், மானாவாரி.